வெள்ளைக்கழிச்சலின் வம்சாவளி

இன்னைக்கு ஒரு கோழி நோயோட வரலாறு. நம்ம கிராமங்கள்ல இதுக்கு வெள்ளைக்கழிச்சல்னு பேர். கால்நடை மருத்துவர் ராணிக்கெட் என்பார். உலகம் நியூகாசில் என்கிறது. மூணும் ஒரே வைரஸ்தான்.

1926-ல் ஜாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் அதே கதை. எந்த ஊரில் கண்டுபிடித்தார்களோ அந்த ஊர்ப் பேர் ஒட்டிக்கொண்டது. நம்ம ராணிப்பேட்டையோட குழப்பிக்காதீங்க! அங்கே இருப்பது இந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனம்.

1940-களில், அதே குமாவுன் மலையின் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் ஹேடோ, இத்னானி இருவரும் இந்த வைரஸை முட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள். அதுதான் ஆர்2பி தடுப்பூசி. வளர்ந்த கோழிகளுக்கு இன்றும் அதைப் போடுகிறோம். ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவது லசோட்டா, எஃப் போன்ற இன்னும் சாதுவான வகைகள்.

மரபணு ஒப்பீடு வந்த பிறகுதான் இந்தக் குடும்பத்தோட உறவுமுறை தெரிஞ்சுது. வைரஸின் மொத்த மரபணு சுமார் 15,000 எழுத்து. செல்லுக்குள் நுழைய உதவுவது எஃப் புரதம். அதைக் கோழி உடம்பிலுள்ள நொதி ஓரிடத்தில் வெட்டினால்தான் வைரஸ் வேலை செய்யும். சாதுவான வகையைக் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள நொதிகள் மட்டுமே வெட்டும். கொடிய வகையை எல்லா உறுப்பிலும் வெட்ட முடியும். வித்தியாசம் சில எழுத்துகள்தான். ஆஸ்திரேலியாவில் 1998-ல் நோய் வெடித்தபோது, ஒப்பிட்டுப் பார்த்தால், அது வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. அங்கேயே சுற்றிய சாது வைரஸ் அந்த இடத்தில் மாறியிருந்தது.

எஃப் மரபணுவை வைத்து இன்று 20-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். லசோட்டா இரண்டாம் வகை, ஆர்2பி மூன்றாம் வகை. சமீப காலத்தில் இந்தியப் பண்ணைகளில் கிடைத்தவற்றில் பதின்மூன்றாம் வகை முக்கியமானது. அதன் சொந்தக்காரர்கள் பாகிஸ்தான், ஈரான் பக்கம் இருக்காங்க.

அப்போ பழைய தடுப்பூசி வீணா? இல்லை. எல்லா வகையும் ஒரே சீரோவகை என்பதால், ஒழுங்காகப் போட்டால் கோழி பிழைக்கும். ஆனால் தொற்று நிற்காது. பிழைத்த கோழியும் எச்சத்தில் வைரஸை வெளியேற்றும். தடுப்பூசிக்கும் களத்து வைரஸுக்கும் உறவு தூரமானால் அது கூடலாம்.

ஓசூருக்கு இது ஏன் முக்கியம்னா, நாமக்கல் முட்டையும் கிருஷ்ணகிரி பக்கத்துக் கறிக்கோழியும் ஜூஜுவாடி தாண்டித்தான் பெங்களூரு போகுது. லாரியும் காலிக் கூண்டும் திரும்பி வருது. செக்போஸ்ட்ல நிற்கும் கோழி ஆரோக்கியமாகத் தெரியுதுங்கிறது, அது வைரஸ் சுமக்கலைங்கிறதுக்குச் சாட்சி இல்லை.

அதனால, தடுப்பூசி போட்ட பண்ணையில கோழி செத்தா, ‘ஊசி சரியில்ல’ன்னு புதைச்சிட்டுப் போயிடாதீங்க. குளிர்பதனம் தவறியிருக்கலாம், தவணை தவறியிருக்கலாம், வேற நோயாவும் இருக்கலாம். புதைக்கிறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்க. அந்த மாதிரி ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தால்தான், அது ஓசூர் வைரஸா, எல்லை தாண்டி வந்ததான்னு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.