கிருமியைப் பட்டினி போடும் தாய்ப்பால் புரதம்: லாக்டோஃபெரினை பவுடராகக் கொடுத்தால் பலன் உண்டா?

பெங்களூரு வாணி விலாஸ் அரசு மருத்துவமனையில் 2022-ல் ஒரு தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. பால் கூடுதலாகச் சுரக்கும் தாய்மார்கள் தானமாகத் தருவதைச் சேமித்து, சொந்தத் தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பதுதான் இத்தகைய வங்கிகளின் வேலை. பொதுவாக இவற்றில் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அதில் கிருமிகள் செத்துவிடும். ஆனால், கிருமிகளை அடக்குவதற்கென்றே பாலில் இருக்கும் ஒரு புரதமும் அந்தச் சூட்டில் பெரும்பாலும் சிதைந்துவிடும்.

அதுதான் லாக்டோஃபெரின். 'சரி, அதைத் தனியா பிரிச்சு பவுடரா கொடுத்துட்டா என்ன?' என்று உங்களுக்குத் தோன்றலாம். பெரிய மருத்துவமனைகள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வைத்து ஆராய்ந்த கேள்வி இது.

இரும்புக்கு நடக்கும் போட்டி

ஏறக்குறைய எல்லா பாக்டீரியாவுக்கும் பெருக இரும்புச்சத்து வேண்டும். லாக்டோஃபெரினின் ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அயனிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கிருமியை அது தாக்க வேண்டிய அவசியமே இல்லை, சாப்பாட்டை எடுத்து ஒளித்து வைத்தாலே போதும்.

பிரசவமான முதல் சில நாட்களில் வரும் சீம்பாலில் லிட்டருக்கு 5 கிராம் அல்லது அதற்கும் மேல் லாக்டோஃபெரின் இருக்கும். பிறகு 1 முதல் 3 கிராம் வரை. பசும்பாலில் இதில் பத்தில் ஒரு பங்குகூட பெரும்பாலும் இருக்காது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 2 கிராம் லாக்டோஃபெரினால் சுமார் 2.8 மில்லிகிராம் இரும்பைப் பிடிக்க முடியும். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருக்கும் மொத்த இரும்போ அரை மில்லிகிராமுக்குள்தான். அதாவது இருப்பதைவிடப் பல மடங்கு இரும்பைப் பிடிக்கும் கைகள் காலியாகக் காத்திருக்கின்றன.

இதை 1972-ல் ஜே.ஜே. புல்லனும் அவரது குழுவினரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் காட்டினார்கள். தாய்ப்பாலில் ஈ-கோலை பாக்டீரியாவின் வளர்ச்சி முடங்கியது. அதே பாலில் இரும்பைக் கலந்ததும் அந்தத் தடை காணாமல் போனது.

பட்டினி போடுவதோடு கதை முடியவில்லை. ஈ-கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் ஒட்டி அதை பலவீனப்படுத்தவும் லாக்டோஃபெரினால் முடியும். வயிற்றில் பெப்சின் அதை வெட்டும்போது 'லாக்டோஃபெரிசின்' என்ற துண்டு கிடைக்கிறது. இது முழுப் புரதத்தைவிட வீரியமாகக் கிருமியைக் கொல்லும். குழந்தையின் குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோபாக்டீரியாவுக்கு மட்டும் பெரிய பாதிப்பு இல்லை. அதற்கு இரும்பு அதிகம் தேவைப்படாது.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. சில, இரும்பைக் கவர்ந்து வர 'சிடரோஃபோர்' என்ற சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்புகின்றன. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் இன்னும் துணிச்சல்காரன், லாக்டோஃபெரினின் கையிலிருந்தே இரும்பைப் பிடுங்கிவிடும்.

சின்ன ஆய்வு, பெரிய ஆய்வு

2009-ல் இத்தாலியில் 1,500 கிராமுக்கும் குறைவான எடையில் பிறந்த 472 குழந்தைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. பசும்பாலிலிருந்து பிரித்த லாக்டோஃபெரினைப் பெற்றவர்களில் 5.9% பேருக்கு செப்சிஸ், அதாவது ரத்தத்தில் தொற்று, ஏற்பட்டது. பெறாதவர்களில் 17.3%. ஹரியானாவின் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் எடை குறைந்த 130 குழந்தைகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வும் நல்ல பலனையே காட்டியது.

அடுத்து வந்தது பிரிட்டனின் எல்ஃபின் ஆய்வு. 32 வாரத்துக்கு முன்பே பிறந்த சுமார் 2,200 குழந்தைகள். 2019-ல் லான்செட்டில் வந்த முடிவு: லாக்டோஃபெரின் பெற்றவர்களில் 29% பேருக்குத் தொற்று, பெறாதவர்களில் 31%. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான் இது. 2020-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் மரணமோ பெரிய நோய்களோ குறைந்ததாக நிரூபணமாகவில்லை. முந்தைய ஆய்வுகளில் எண்ணிக்கை குறைவு, பளிச்சென்ற வித்தியாசம். எண்ணிக்கை கூடியதும் அது கரைந்துபோனது. தரவோடு வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி.

இதை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்தலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்த டெனிஸ் ஆய்வு 2016-ல் வெளியானது. அதில் 14.3% பேருக்கு செப்சிஸ். முன்னணியில் இருந்த கிருமிகள் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ-கோலை. இவற்றில் பல, ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாதவை. பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளை அதிகம் தாக்குவது வேறு வகைக் கிருமிகள். ஆகவே இங்கே பெரிய அளவில் ஒரு ஆய்வு நடத்துவதற்கு நியாயம் உண்டு. ஆய்வு வரும் முன்பே பவுடர் டப்பா வாங்குவதற்கு இல்லை.

தாய்ப்பாலையே விற்பனைப் பொருளாக்குவதற்கும் அனுமதி கிடையாது. 2017-ன் தேசிய வழிகாட்டுதல்படி பால் தானம், பணம் வாங்காமல் செய்யப்பட வேண்டும். தாய்ப்பாலையோ அதிலிருந்து செய்யும் பொருட்களையோ விற்க சட்டத்தில் இடமில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2024 மே மாதம் எச்சரித்தது.

அப்படியானால் சூடாக்கிய வங்கிப் பால் வீணா? இல்லை. தாய்ப்பாலின் சிறப்புச் சர்க்கரைகள் அந்தச் சூட்டைத் தாங்கும். குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகும் நோய், ஃபார்முலா பாலைவிட வங்கிப் பால் குடிப்பவர்களிடம் குறைவு. ஆனால் வரிசையில் முதலிடம் சொந்தத் தாயின் பாலுக்குத்தான், சில சொட்டு சீம்பாலாக இருந்தாலும்.

பால் எடுத்து வைத்துவிட்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு: ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் சில நாட்கள் இருந்தால் லாக்டோஃபெரினுக்குப் பெரிய சேதம் இல்லை. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைத்தால் குறையும், அதனால் முதலில் எடுத்ததை முதலில் கொடுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்தாலே பால் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும்.