குரும்பையும் ஆளில்லா மணலும்

தை மாசம் கல்யாணம். பத்து நாள் லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "லேப்டாப் எடுத்துட்டுப் போவீங்கல்ல?" :-)

எங்க போகலாம்னு வருங்காலத் தங்கமணியும் நானும் ஒரு வாரமா போன்ல மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தோம். டிராவல்ஸ்ல இருக்குற காலேஜ் நண்பன் ஒருத்தன் ரெண்டு பேக்கேஜ் அனுப்பினான். ஒண்ணு கலஹாரி பாலைவன சஃபாரி, இன்னொண்ணு மாலத்தீவு பீச். விலையைப் பார்த்துட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். அப்புறம்தான் ஒண்ணு கண்ணுல பட்டது. ரெண்டு விளம்பரத்துலயும் ஒரே வார்த்தை: 'ஆளே இல்லாத'.

அது ஏன் உறுத்துச்சுன்னா, நமக்கு ஊர் திருச்செந்தூர் பக்கம். தேரிக்காடு தெரியும்ல? செக்கச்செவேல்னு மணல் மேடு, கொஞ்ச தூரத்துல கடல். போன தடவை ஊருக்குப் போனப்ப, அங்க எடுத்த ஒரு வீடியோவை ஆச்சிக்குக் காட்டினேன். "மனுஷ நடமாட்டமே இல்லாத பாலைவனம்"னு அதுல ஒருத்தர் பேசிக்கிட்டே போறார். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்துட்டு, "ஏல, அந்தா நிக்குல்லா ரெட்டைப் பனை, அது ஒங்க தாத்தா ஏறின பனைலா"ன்னா. அவ்வளவுதான்.

அதனால இந்த ரெண்டு 'ஆளில்லா' இடத்தோட கதையைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன்.

முதல்ல சஃபாரி. ஆப்பிரிக்காவோட சுவாஹிலி மொழியில பயணம்னு அர்த்தம். அரபியில இருந்து அங்க போன வார்த்தை. அதே வார்த்தை நம்ம கடற்கரை ஊர்களுக்கும் வந்திருக்கு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் வெளிநாட்டுக்குப் பொழைக்கப் போறவங்களைச் 'சபராளி'ன்னு சொல்வாங்க. ஒரு ஊர்ல பொழப்பு, இன்னொரு ஊர்ல உல்லாசம்!

இப்ப மாலத்தீவு. ராஜராஜ சோழனோட மெய்க்கீர்த்தி சொல்ற பழந்தீவு பன்னீராயிரம் இதுதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. உண்மையில தீவுகள் ஆயிரத்து இருநூறுக்குப் பக்கம், அதுல மக்கள் குடியிருக்கறது ஏறக்குறைய இருநூறு. 1965-ல சுதந்திரம் வந்தப்ப மீனும் தேங்காயும்தான் வருமானம். அந்தக் காலகட்டத்துல வந்த ஐ.நா. குழு ஒண்ணு, வசதிகள் எதுவும் இல்லாத இந்த நாட்டுக்குச் சுற்றுலா சரிப்படாதுன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. (நம்ம கன்சல்டன்ட் ரிப்போர்ட்டெல்லாம் ஞாபகம் வருதா?)

ஜார்ஜ் கார்பின்னு ஒரு இத்தாலிக்காரர் கொழும்புல, மாலத்தீவு தூதரகத்துல வேலை பார்த்த அகமது நசீமைச் சந்திச்சார். 1972 பிப்ரவரியில 22 இத்தாலியர்களைக் கூட்டிக்கிட்டு மாலேவுக்கு வந்தார். ஓட்டல் கிடையாது. மாலே வீடுகள்லயே தங்க வச்சாங்க. அதாவது முதல் டூரிஸ்டுகள் மக்களுக்கு நடுவுல, அவங்க வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

அதே வருஷம் அக்டோபர்ல நசீம், முகமது உமர் மணிக்கு, உசேன் அஃபீஃப் மூணு பேரும் விகமனாஃபுஷி தீவுல முதல் ரிசார்ட்டைத் திறந்தாங்க. முப்பது அறை. பவளக்கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. பேரு 'குரும்பா'. திவேஹி மொழியில இளநீர்னு அர்த்தம். நம்ம குரும்பையேதான்! தென்னை, பனையோட பிஞ்சை நாம குரும்பைன்னு சொல்றோமே, அதே சொல். ஆச்சிகிட்ட சொன்னா சந்தோஷப்படுவா.

அதுக்கப்புறம் வந்ததுதான் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்ங்கற ஏற்பாடு. குடியில்லாத தீவா பார்த்துக் குத்தகைக்கு விட்டாங்க. குடி இல்லைன்னா உபயோகம் இல்லைன்னு அர்த்தமில்லை. தேங்காய் வெட்டவும் விறகு எடுக்கவும் பக்கத்துத் தீவுக்காரங்க வந்துபோன இடங்கள் அவை. இஸ்லாமிய நாடு, ஊருக்குள்ள மது கூடாது, ஆனா டாலர் வேணும். டூரிஸ்ட் ஒரு பக்கம், ஜனங்க இன்னொரு பக்கம்னு பிரிச்சுட்டா ரெண்டு பிரச்சனையும் முடிஞ்சுது. உள்ளூர்க்காரர் அந்தத் தீவுக்குப் போனது பெரும்பாலும் வேலைக்குத்தான்.

குறை மட்டும் சொல்லக் கூடாது. அந்தக் காசுலதான் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்துச்சு. மிகவும் பின்தங்கிய நாடுகளோட ஐ.நா. பட்டியல்ல இருந்து 2011 ஜனவரியில மாலத்தீவு வெளிய வந்துடுச்சு. 2009 வாக்குல சட்டத்தைத் தளர்த்தி, மக்கள் வாழற தீவுகள்லயும் விருந்தினர் விடுதிக்கு அனுமதி குடுத்தாங்க. 2010-ல மாஃபுஷி தீவுல அது ஆரம்பிச்சுது. 1972 பிப்ரவரியில இருந்த இடத்துக்கே சுத்தி வந்து சேர 38 வருஷம்.

நிற்க.

கலஹாரி கதை இவ்வளவு சுமுகம் இல்லை. போட்ஸ்வானா இன்னும் பிரிட்டிஷ்காரங்க கையில இருந்த 1961-ல, மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தை உருவாக்கினாங்க. சுமார் 52,800 சதுர கிலோமீட்டர், கேரளாவை விடப் பெருசு. ஜார்ஜ் சில்பர்பாவர்ங்கற அதிகாரி அங்க வாழற சான் மக்களைப் பத்தி ஆய்வு பண்ணிட்டு இருந்தார். விலங்குக்கு மட்டும் இல்லாம, அந்த மக்களுக்கும் அது இடமா இருக்கணும்னுதான் அந்த ஏற்பாடு. தர்பூசணி மாதிரி ஒரு காட்டுக்காய்ல இருந்து தண்ணி எடுத்து, தீக்கோழி முட்டை ஓட்டுல சேமிச்சு வச்சு, மழை வருஷம் வராத வருஷம் ரெண்டையும் தாண்டின ஜனங்க.

1966-ல சுதந்திரம். அடுத்த வருஷமே ஒராபாவுல வைரம். அப்புறம் காப்பகத்துக்கு உள்ளயும் வைரம் இருக்கறது தெரிஞ்சுது. 1997-லயும் 2002-லயும் அரசாங்கம் சான் மக்களை வெளியில குடியேத்திச்சு. பள்ளிக்கூடம், மருத்துவ வசதி எல்லாம் காட்டுக்குள்ள தர முடியாது, விலங்குகளைக் காப்பாத்தணும், வைரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கறது அரசாங்கத் தரப்பு. 2002-ல உள்ள குடுத்துட்டிருந்த தண்ணியையும் நிறுத்திட்டாங்க.

ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2006 டிசம்பர் 13, தீர்ப்பு. மூணு நீதிபதிகள்ல ரெண்டு பேர் அவங்களை அனுப்பினது சட்டவிரோதம்னு சொன்னாங்க. ஜெயிச்சாச்சா? அங்கதான் இடிக்குது. தண்ணி குடுக்க வேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்கு இல்லைன்னும் அதே தீர்ப்பு சொல்லுச்சு. வீட்டுக்குப் போகலாம், குடிக்க மட்டும் ஒண்ணும் கிடையாது.

2009 கடைசியில அதே காப்பகத்துக்குள்ள ஒரு சஃபாரி விடுதி திறந்துச்சு. அதுல நீச்சல் குளம். மூடி வச்ச தங்களோட ஆழ்துளைக் கிணத்தைத் திறந்து தண்ணி எடுத்துக்கறோம்னு சான் மக்கள் கேட்ட வழக்கை 2010-ல உயர்நீதிமன்றம் தள்ளுபடி பண்ணுச்சு. 2011 ஜனவரியில மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் எடுத்துக்கோங்கன்னு சொல்லுச்சு. 2014-ல காப்பகத்துக்குள்ளயே ககூ வைரச் சுரங்கம் திறந்தது, 2017-ல மூடியாச்சு.

2021-ல ஒரு பெரியவர் இறந்தார். முன்னோர் மண்ணுல புதைக்கணும்னு குடும்பம் கேட்டுச்சு. கோர்ட் மறுத்துடுச்சு. உடம்பு பிணவறையிலயே கிடந்துது. 2024 கடைசியில ஆட்சி மாறின பிறகுதான் அடக்கம் நடந்துச்சு. காப்பகத்துக்குள்ள.

இதைப் படிச்சப்ப நான் ஆபீஸ்ல ஆணி பிடுங்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். ஆளில்லா இடம்னு தானா ஒண்ணு கிடையாது. அதை யாரோ உக்காந்து உண்டாக்கறாங்க. மாலத்தீவுல ஜனங்களை ஒதுக்கி வச்சு உண்டாக்கினாங்க. கலஹாரியில ஜனங்களை ஏத்தி இறக்கி உண்டாக்கினாங்க. நம்ம தேரிக்காட்டுல ஒரு வீடியோவுல உண்டாக்கறாங்க. அதுக்குப் பணம் கட்டுறது நம்மள மாதிரி பத்து நாள் லீவுக்காரன்தான்.

எல்லாத்தையும் அவங்ககிட்ட போன்ல கொட்டினேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "சஃபாரி வேணாங்க. ஜனங்க இருக்குற தீவுக்கே போவோம். பக்கத்து வீட்டுல என்ன சமையல்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்"னாங்க. சரியான ஆளைத்தான் கட்டிக்கப் போறேன்.

டிஸ்கி: மாலத்தீவுல விருந்தினர் விடுதியில தங்கிட்டு வந்த மக்கள்ஸ், செலவு எவ்வளவு ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நண்பனோட பேக்கேஜை எப்படி மறுக்கறதுன்னும் சொன்னா புண்ணியமாப் போகும்.