வல்லூற்றின் முட்டை ஓடு

நான் சிறுவனாயிருந்த நாளில் மலேரியா ஒழிப்புப் பணியாளர்கள் எங்கள் ஊருக்கு வருவார்கள். வீட்டுச் சுவர்களில் மருந்து அடித்துவிட்டு, வாயிலருகே அன்றைய தேதியைக் குறித்துச் செல்வார்கள். அம்மருந்துதான் டி.டி.டி. கொசு குறைந்தது, குளிர்காய்ச்சலும் குறைந்தது. ஆதலால் அதன்மீது பழி கூற எனக்கு எளிதில் நா எழுவதில்லை. ஆயினும் அதன் வரலாற்றில் நாம் அறியவேண்டிய வேறொரு பகுதியும் உண்டு.

சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலார் பால் முல்லர், இப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-இல் கண்டார். 1948-இல் நோபெல் பரிசும் பெற்றார். போர் முடிந்ததும் அது வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

பிரிட்டனின் செங்குத்தான பாறைகளில் பெரிகிரின் என்னும் வல்லூறு கூடு கட்டுகிறது. பறக்கும் புறாவின்மீது வானிலிருந்து பாய்ந்து அடிப்பது அதன் வழக்கம். போர்க்காலத்தில் தூதுப் புறாக்களைக் காக்கவேண்டி அரசே அதனைச் சுட்டுக்கொல்ல ஆணையிட்டது. போருக்குப் பின் அதன் இனம் மெல்லத் தலையெடுத்தது. 1960-ஆம் ஆண்டையொட்டி, பந்தயப் புறா வளர்ப்போர், "வல்லூறுகள் பெருகிவிட்டன, எங்கள் புறாக்கள் அழிகின்றன" என்று முறையிட்டனர். உண்மை யாதெனக் காணக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதனை நடத்தியவர் டெரெக் ராட்கிளிஃப் என்னும் அறிஞர். முடிவு நேர்மாறாயிருந்தது! பறவைகள் பெருகவில்லை, பல பாறைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அக்கணக்கெடுப்பைக் கேட்டு வாங்கியவர்கள் வல்லூற்றின் பகைவர்களே என்பதை எண்ணுந்தோறும் எனக்கு நகைப்பு வருகிறது.

புறாக்கள் உண்ட விதைகளில் ஆல்டிரின், டீல்டிரின் முதலிய நஞ்சுகள் பூசப்பட்டிருந்தன. அவற்றால் வளர்ந்த பறவைகளே மடிந்தன. ஆனால் இன்னொரு புதிரும் இருந்தது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே கூடுகளில் உடைந்த முட்டைகளை ராட்கிளிஃப் கண்டுவந்தார். தாய்ப்பறவையே தன் முட்டையை உடைப்பானேன்?

விடை, முட்டை சேர்ப்போரின் இழுப்பறைகளில் இருந்தது. கூடுகளைக் கொள்ளையிட்டு முட்டைகளைச் சேர்த்து வைப்பது அந்நாட்டுச் செல்வர் சிலரின் பொழுதுபோக்கு. அது பறவைகளுக்குக் கேடே. ஆயினும் ஒவ்வொரு ஓட்டின் பக்கத்திலும், எடுத்த இடமும் நாளும் எழுதி வைக்கும் நல்ல பழக்கம் அவர்களிடம் இருந்தது. ராட்கிளிஃப் ஓட்டை உடையாமலே நிறுத்தார். அதன் நீள அகலங்களை அளந்தார். எடையை அவற்றின் பெருக்கத்தொகையால் வகுத்தார். பல ஆண்டுகளாக மாறாதிருந்த அவ்வெண், 1947-ஐ ஒட்டித் திடீரென வீழ்ந்திருந்தது. ஓடு ஏறத்தாழ 19 விழுக்காடு நலிந்திருந்தது. டி.டி.டி. வயலுக்கு வந்த காலமும் அதுவே. இம்முடிவு 1967-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கி முதலானோரும் அத்தகைய மெலிவையே கண்டனர். 1964-இல் கிழக்கு அமெரிக்காவின் பழைய கூடுகளைத் தேடிச் சென்றவர்கள் ஒரு வல்லூற்றையும் காணவில்லை.

இது எவ்வாறு நிகழ்ந்தது? உடலினுள் டி.டி.டி. சிதைந்து டி.டி.இ. ஆகிறது. அது நீரில் கரையாது, கொழுப்பில் தங்கிவிடும். பூச்சியில் சிறிது, பூச்சிகளைத் தின்னும் சிறு பறவையில் சற்று மிகுதி, அத்தகைய பறவைகள் பலவற்றை உண்ணும் வல்லூற்றிலோ மிகமிகுதி. முட்டை உருவாகும் இடத்தில், குருதியிலுள்ள சுண்ணாம்பு ஓட்டில் படிவதை அது தடுக்கிறது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரமே முட்டையை நொறுக்கியது. தாய் ஒரு பிழையும் செய்யவில்லை.

பிரிட்டனில் 1962 முதல் அவ்விதை நஞ்சுகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்கா 1972-இல் பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பதைத் தடை செய்தது. வளர்ப்பிடங்களில் பொரித்த குஞ்சுகளை அங்கே பாறைகளில் விட்டனர். 1999-இல் அருகிவரும் உயிர்களின் பட்டியலிலிருந்து இப்பறவையின் பெயர் நீங்கியது. பிரிட்டனில் 1991-இல் எண்ணியபோது, போருக்கு முன்னிருந்த அளவையும் அது கடந்திருந்தது. இன்று நகரத்துக் கோபுரங்களிலும் கூடு கட்டுகிறது. அங்கேயும் புறாக்களைத்தான் வேட்டையாடுகிறது.