நீரிழிவாளரும் கண்புரையும்

கண்புரை முற்றிய பின்னரே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்ற பழைய எண்ணம் எம்மவரிடையே இன்னும் மறையவில்லை. நீரிழிவு நோயாளரைப் பொறுத்தவரை இது பார்வையையே பறிக்கக்கூடிய எண்ணமாகும்.

சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லை அகற்றப்பட்டு, செயற்கை வில்லை பொருத்தப்படுகின்றது. ஆனால், காட்சியை உணர்வது கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையாகும். நீரிழிவு அதன் நுண்ணிய குருதிக்குழாய்களை வலியின்றியே சிதைக்கின்றது. விழித்திரை பழுதுற்றிருப்பின் புதிய வில்லையால் மட்டும் பார்வை மீளாது. புரை முற்றிவிட்டாலோ, வைத்தியர் விழித்திரையைப் பார்ப்பதும் லேசர் சிகிச்சை அளிப்பதும் கடினமாகின்றன.

எனவே, புரை தடிப்பதற்கு முன்னரே விழித்திரையைப் பரிசோதித்து, பாதிப்பிருப்பின் லேசர் அல்லது ஊசி மருந்துச் சிகிச்சையைப் பெறுதல் வேண்டும். குருதியில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவதும் அவசியம். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் விழித்திரையின் மையத்தில் வீக்கம் தோன்றும் ஆபத்து இவர்களுக்கு அதிகமாதலால், தொடர் பரிசோதனையைக் கைவிடலாகாது.

முன்னர் விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் அதனை வைத்தியரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும். கண்ணினுள் சிலிக்கன் எண்ணெய் இடப்பட்டிருந்தால், செயற்கை வில்லையின் வலுவைக் கணிக்கும் முறையே வேறுபடும்.

நீரிழிவு உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருப்பினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.