தடையின்றி விழுதல்

தடையின்றி விழுதல் என்பது ஈர்ப்பு விசையினால் மட்டுமே ஒரு பொருள் விழுவதைக் குறிக்கும். கனமான பொருளே விரைவாக விழும் என அரிஸ்டாட்டில் கருதினார். கனமான பொருளைப் புவி அதிக விசையுடன் ஈர்ப்பது உண்மையே. ஆயினும் அதனை முடுக்குவதற்கும் அதே விகிதத்தில் அதிக விசை தேவைப்படுகின்றது. எனவே புவிப்பரப்பின் அருகே தடையின்றி விழும் எல்லாப் பொருட்களின் முடுக்கமும் ஏறத்தாழ 9.8 மீ/செ² ஆகும். இறகு மெதுவாக விழுவதற்குக் காற்றுத்தடையே காரணம்.

1971 ஆகஸ்ட் 2 அன்று, காற்றில்லாத நிலாவில், அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையை அடைந்தன.

புத்தகத்தின் மேல் அதனைவிடச் சிறிய காகிதத்துண்டை வைத்துக் கீழே விட்டால் இரண்டும் சேர்ந்தே விழுவதைக் காணலாம். காற்றைப் புத்தகம் விலக்கிவிடுவதால் காகிதம் பின்தங்குவதில்லை.