வீட்டுக்கு வந்த வேலை

வாரம் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. பெருந்தொற்றுக்குப் பின் எங்கள் நிறுவனம் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டைச் சொன்னதும் ஆச்சி கேட்டாள்: "வீட்டுல இருந்து பாத்தா கரண்டு துட்டு யாரு குடுப்பா?"

ஆச்சி தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் முப்பது வருடம் பீடி சுற்றியவள். இலையும் தூளும் கடையில் வாங்கி வருவாள். மடியில் தட்டு, அடுப்பில் உலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, மணிக்கணக்கு கிடையாது. கூட உட்கார்ந்து நுனி மடித்துக் கொடுத்த சிறுமியான என் அம்மாவின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளரே என்றது. முதலாளிகள் வழக்காடினார்கள், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அகமதாபாத்தின் சேவா போன்ற அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்ததில், 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது: வீட்டில் உழைப்பவரையும் மற்றக் கூலித் தொழிலாளரையும் சமமாக நடத்த வேண்டும். இந்தியா அதற்கு ஏற்புறுதி தரவில்லை.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், விடுப்பு முடிந்த தாய் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி செய்தது. ஆனால் வேலையின் தன்மை இடங்கொடுக்க வேண்டும், முதலாளியும் உடன்பட வேண்டும்.

'நெகிழ்வு' என்ற சொல்தான் புதிது. வீட்டையே தொழிற்கூடமாக்கினால் அதன் செலவு யாருடையது என்ற கேள்வி ஆச்சியின் தட்டளவு பழையது.

இந்த மாத மின்கட்டண ரசீதை இணைத்து மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆச்சி தினமும் விசாரிக்கிறாள்.