தட்டின ரொட்டியும் தேய்ச்ச ரொட்டியும்: ஓசூர் முதல் சொனோரா வரை

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ராத்திரி எந்த மெஸ்ஸுக்குப் போனாலும் சப்பாத்தி இருக்கும். பேச்சிலர் ரூம், கம்பெனி கேன்டீன், சுகர் இருக்கிற பெரியவங்க வீடு, எங்கேயும் இதே கதைதான். "வடக்கே இருந்து வேலைக்கு வந்தவங்க பழக்கிவிட்ட சாப்பாடு" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தேதிகளை வரிசையாக அடுக்கினால் இது ஒத்துவராது. சிப்காட் வந்தது 1970களில். அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை தொடங்கியது 1980-ல். ரேஷன் கோதுமை அதற்கு ரொம்ப முன்னாடியே தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு. வந்த பாதையில் மெக்சிகோவும் இருக்கிறது.

முதலில் நம்ம ஊர் தானியம். மானாவாரி செம்மண், கைவிட்டாலும் விடும் மழை. இதில் நம்பி விதைக்கக்கூடியது ராகி. தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி. மூணு பாஷை பேசுற எல்லைப் பகுதியில் தட்டில் இருந்தது ஒண்ணுதான். ராகி ரொட்டியும் உண்டு. ஆனால் அதைக் கட்டையால் தேய்க்க முடியாது, விரிந்து போகும். ராகியில் பசைப்புரதமான குளூட்டன் கிடையாது. அதனால் கையால் தட்டித்தான் கல்லில் போடணும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மைதா டார்ட்டியா செய்தோம். ரெண்டு கப் மைதா, அரை ஸ்பூன் உப்பு, நாலு ஸ்பூன் வெண்ணெய், கை பொறுக்கிற சூட்டில் முக்கால் கப் தண்ணி. கொழுப்பை முதலில் மாவில் பிசிறிவிட்டு அப்புறம் தண்ணி ஊற்றணும். கொழுப்பு மாவைச் சுற்றிக்கொள்வதால் குளூட்டன் இறுகாது. ரொட்டி ஆறின பிறகும் மடிக்க வரும். உருண்டைகளை அரை மணி நேரம் மூடிவைத்து, மகள் தேய்க்க, மனைவி கல்லில் போட்டார். அம்மா ஒண்ணைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது வெண்ணெய் போட்ட சப்பாத்திதானே?" என்றார். மெக்சிகோவின் பழைய ரொட்டி மக்காச்சோளத்தில் செய்வது, அதைக் கையால்தான் தட்டுவாங்க என்றதும், "அப்போ அது நம்ம ராகி ரொட்டி" என்றார். ஒரு வரியில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

மெக்சிகோவில் மக்காச்சோளம் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பயிர். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, அரைத்து, தட்டிச் சுடுவார்கள். கோதுமை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தது. வறண்ட வடக்குப் பகுதியான சொனோராவில் பாதிரியார்களின் மிஷன்கள் வழியாகப் பரவி, குளிர்காலப் பயிராக வேர் பிடித்தது. இன்றைக்கும் கோதுமை டார்ட்டியா என்றாலே மெக்சிகோவில் சொனோராதான் நினைவுக்கு வரும். அங்கேயும் பழைய தானியம் தட்டினது, வந்த தானியம் தேய்ச்சது.

அந்த சொனோராவின் யாக்கி பள்ளத்தாக்கில்தான் நார்மன் போர்லாக் தன் கோதுமை ஆராய்ச்சியில் பெரும்பகுதியைச் செய்தார். 1944-ல் மெக்சிகோ போனவர். நோரின் 10 என்ற ஜப்பானியக் குட்டை ரகத்தின் மரபணுவைச் சேர்த்து, உரம் போட்டாலும் சாயாத பயிரை உருவாக்கினார். அதில் ஒரு ரகத்தின் பெயரே சொனோரா 64.

இந்தியா அப்போது 1956-ல் போட்ட பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமையை இறக்கிக்கொண்டிருந்தது. 1965-லும் 1966-லும் வறட்சி. கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற நிலை. மத்திய உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். விஞ்ஞானி கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன். அரிசி சாப்பிட்டு வளர்ந்த ரெண்டு தமிழர்கள் நாட்டுக்குக் கோதுமை வழி தேடினார்கள்! 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. சுப்பிரமணியம் டெல்லியில் தன் பங்களா நிலத்திலேயே புது ரகத்தை விதைத்துக் காட்டினார்.

இதில் ஒரு சிக்கல், தானியம் சிவப்பு நிறம். சப்பாத்திக்கு வெளிர்ந்த தானியத்தைத்தான் வட இந்தியர்கள் விரும்பினார்கள். சுவாமிநாதன் குழு டெல்லியில் கதிர்வீச்சு கொடுத்து நிறத்தை மாற்றி, 'சர்பதி சொனோரா' என்று வெளியிட்டது. (இன்று பாக்கெட்டில் 'சர்பதி' என்று விற்கும் மத்தியப் பிரதேசக் கோதுமை வேறு. பெயர்தான் ஒண்ணு.) 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1.65 கோடி டன் ஆனது.

விதை மட்டும் இதைச் செய்யவில்லை. அதே சுப்பிரமணியம் காலத்தில், 1965 ஜனவரியில், விலை நிர்ணயிக்க ஒரு கமிஷனும், வாங்கி வைக்க இந்திய உணவுக் கழகமும் வந்தன. விவசாயிக்கு நிச்சய விலை, அரசுக்கு கோடவுன், ஜனங்களுக்கு ரேஷன். கோதுமைக்கும் நெல்லுக்கும் இந்தச் சங்கிலி முழுசாகக் கிடைத்தது.

ராகிக்கு விதை கிடைத்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் மண்டியாவில் 'ராகி' லட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்க ரகங்களைக் கலந்து 'இண்டாஃப்' ரகங்களை உருவாக்கினார். விளைச்சல் கூடியது. ஆனால் கோடவுனும் ரேஷன் கடையும் இல்லாத விதை, பாதிச் சங்கிலிதான். விலை கிடைக்காத விவசாயி வேறு பயிருக்குப் போனார், அவர் வீட்டுப் பிள்ளைகள் ரேஷன் அரிசியும் கோதுமையும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். அதைப் பார்த்து "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் களி பிடிக்கலை" என்று நாம ருசி மேல பழி போட்டுட்டோம்.

2023-ல் தமிழக அரசு கிருஷ்ணகிரி, தர்மபுரி விவசாயிகளிடம் ராகியை கிலோ 35 ரூபாய் 78 பைசாவுக்கு நேரடியாக வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கார்டுகளுக்கு ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ரெண்டு கிலோ ராகி தரும் சோதனை தொடங்கியது. கோதுமைக்கு இந்த ஏற்பாடு வந்து 58 வருஷம் கழித்து. இனி கவனிக்க வேண்டியது ஹோட்டல்களின் 'மில்லட் ஸ்பெஷல்' போர்டை அல்ல. ரேஷன் கடை வாசலில் எழுதிப் போடுற இருப்புப் பட்டியலை. அதில் ராகி மாசாமாசம் இருந்தால், தட்டின ரொட்டி தானாகத் திரும்பி வரும்.